மாமாவைத் தூங்கவிடாமல் தூங்கவைத்தது

தலையில் அடிபட்டவர் என்றால் படுத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் இது சட்டம். அவர் படுத்திருந்தால்தான் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் பையைத் தலைமாட்டில் வைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தங்கள் சொந்தத்தில் தலையில் அடிபட்டுச் செத்துப்போனவர்களின் கதைகளை நிம்மதியாகச் சொல்ல முடியும். அக்காவின் வீட்டுக்காரர் ஊருக்கு வந்து செய்த முதல் குற்றம், பகலில் படுக்காததுதான்.

மாமா ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவர். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து தலையில் பலத்த அடி. ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தையல் ஆறியது, தலைவலி குறைந்தது, தூக்கம் மட்டும் வண்டியோடு பள்ளத்தில் தங்கிவிட்டது. நீண்ட விடுப்பு கொடுத்துக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். அவர் வேலையில் இருக்கும்போது அக்கா எங்களோடுதான் இருப்பாள் என்பதால் இங்கேயே வந்துவிட்டார். விடுப்பு முடிந்ததும் மருத்துவக் குழு பார்க்கும். தூக்கம் திரும்பியிருந்தால் மறுபடி ஸ்டியரிங். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "வீட்டுக்கு" என்று சொல்லும்போது மட்டும் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ராணுவ மருத்துவமனையின் உளவியல் மேடத்துக்குத் தூக்க மாத்திரையில் நம்பிக்கையில்லை. பழக்கத்தைத் திருத்தினால் தூக்கம் தானாக வரும் என்பார். வாராவாரம் வீடியோ காலில் வந்து விசாரிப்பார். விதிகள் எளிமையானவை, இரக்கமே இல்லாதவை. ராத்திரி எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். கண் சொருகும்வரை படுக்கக் கூடாது. படுத்தும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். பகலில் கண்ணயரவே கூடாது. பாய் தூங்குவதற்கு மட்டும். போன் பார்க்கவும் கவலைப்படவும் வேறு இடம் தேடிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் வேறு அறை என்பது சமையல்கட்டு. மேடத்திடம் சொன்னோம். பரவாயில்லை என்றார். மாமா அங்கே போய் சும்மா உட்காரவில்லை, டப்பாக்களை உயரவாரியாக அணிவகுக்க வைத்துவிட்டார். அம்மா ஒரு வாரம் கடுகைத் தேடினாள். மாப்பிள்ளையைத் திட்ட முடியாமல் என்னைத் திட்டினாள்.

நான் அப்போது உளவியல் எம்.எஸ்ஸி முதலாண்டு. போதாதா? எனக்காகவே அனுப்பிவைத்த கேஸ் என்று நினைத்துக்கொண்டேன். மதியத்துக்குமேல் காபியைத் தடைசெய்தேன். பகலில் அவர் கொட்டாவி விட்டால் கைதட்டி உசுப்பினேன். "எங்க சுபேதார் கூட இவ்ளோ ஆர்டர் போட்டதில்லமா" என்றார் மாமா. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அது வேலை செய்தது. முதலில் இரண்டு துண்டாக, பிறகு கொஞ்சம் நீளமாக, ராத்திரியில் தூக்கம் வரத் தொடங்கியது. பகல்தான் தகராறு. பார்க்க வந்தவர்கள், சவரம் செய்து சட்டை இஸ்திரி போட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நோயாளியைக் கண்டு ஏமாந்துபோனார்கள். பட்டுப்புடவைக் கடையில் நாளெல்லாம் நிற்கிற அக்கா, புருஷனையும் உட்காரவைத்தே கொல்லுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. எதிர்வீட்டு ஆன்ட்டி கசகசாப் பாலோடு வந்தார், உள்ளங்காலுக்கு விளக்கெண்ணெயோடு வந்தார், கடைசியில் ஜெபக்குழுவோடு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின். நாங்களும் சபைக்குப் போகிற குடும்பம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் சின்ன ஹாலில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். போதகர் மாமாவின் தலையில் கைவைத்து, கண்ணை மூடச் சொல்லி, தூக்கம் தரும்படி ஜெபிக்கத் தொடங்கினார். உலகம் உண்டானதில் ஆரம்பித்தார். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்துசேர்வதற்குள் மாமாவின் தலை மார்பில் சாய்ந்தது. குறட்டை கேட்டது.

கேட்ட ஜெபத்துக்கு உடனடி டெலிவரி. இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் தலையணை கொண்டுவந்தார். ஒருவர் ஃபேனை வேகமாக வைத்தார். கடவுளுக்கு மேடத்தின் அட்டவணையை யாரும் காட்டவில்லை போலிருக்கிறது. நான் பதறி அவர் தோளைத் தொடப் போனேன். ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கர்த்தரு குடுத்த தூக்கம்மா. நீ யாரு எழுப்புறதுக்கு?"

தூக்கம் நாளெல்லாம் சேர்ந்து ராத்திரி ஒரேயடியாக வர வேண்டும், இப்போது செலவழித்தால் ராத்திரிக்கு இருக்காது என்று பாடம் எடுத்தேன். இவ்வளவு நல்ல விளக்கத்தை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் வெறுத்து நான் பார்த்ததில்லை.

அக்கா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து இறுகியே இருந்த முகம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

எழுந்து வந்து தோளை உலுக்கினாள். அவர் அசையவில்லை. சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து முகத்தில் தெளித்தாள். அடி விழுந்தது போலத் துள்ளி எழுந்தார்.

"எழுந்திருங்க. இப்ப தூங்கினா வண்டி இல்ல."

அத்தனை பேர் முன்னால் மாமா அவளைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் நடந்தார். பொழுதுசாய வந்து, யாரிடமும் பேசாமல் சாப்பிட்டார். ஜெபக்குழு டீ குடிக்காமல் போனது. இரக்கமில்லாத வீடு என்று பெயர் பரவி, அப்புறம் ஒருவரும் நலம் விசாரிக்க வரவில்லை. மேடத்தின் சிகிச்சையில் விட்டுப்போன மருந்து அதுதான். வீடு அமைதியானது. மாமா மூன்றாம் நாள் அக்காவோடு பேசினார், ராத்திரிகளில் தூங்கினார்.

முழுத் தூக்கம் என்று சொல்ல மாட்டேன். மருத்துவக் குழுவும் சொல்லவில்லை. மலைப்பாதை வேண்டாம், சமவெளியில் மட்டும் ஓட்டலாம் என்றது. விடுப்பு முடிந்து போயிருந்த மாமா அதைப் போனில் சொன்னார்.

செய்தி ஆன்ட்டியை எட்டியது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர், நம் ஜெபம் ஒரு ராணுவ வீரரைத் திரும்பப் பணிக்கு அனுப்பியிருக்கிறது என்று அறிவித்து, சாட்சி சொல்ல அக்காவை அழைத்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நீங்க ஜெபம் பண்ணீங்க, அவரு தூங்கினாரு. நான் தண்ணி தெளிச்சி எழுப்பினேன். இப்ப வண்டி ஓட்டிக்கினு இருக்காரு. ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டாள். மகிமையை யாருக்குச் செலுத்துவது என்று புரியாமல் போதகர் பாட்டு ஆரம்பித்தார்.