மூட்டை மேல் உட்கார்ந்த புராஜெக்ட்

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்துவிட்டு இதைச் சொல்ல முடியாது. அந்தக் கோபம் இல்லாவிட்டால் நானும் மற்றவர்களைப் போல ஒரு குடோனைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு. பாடம் சப்ளை செயின் மேனேஜ்மென்ட். ஒரு பொருள் விளையும் இடத்திலிருந்து வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை கை மாறுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே கெடுகிறது என்று படிக்கிற படிப்பு. கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு புராஜெக்ட். ஏதாவது ஒரு சரக்கு போகும் வழியை நேரில் பார்த்து, அதில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்தும் காட்ட வேண்டும். வகுப்பில் எல்லோரும் லாரி ஆபீஸ், சூப்பர் மார்க்கெட் என்று தேடிப் போனார்கள். நான் ஏற்காடு மலையிலுள்ள எங்கள் ஊர் மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் இறங்கும் பட்டர் ஃப்ரூட்டை எடுத்துக்கொண்டேன். பெரிய கடைகளில் அவகாடோ என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பார்களே, அதுதான்.

"அது சப்ளை செயின் இல்லம்மா, அது உங்க ஊர் ஜீப்பு" என்றார் எங்கள் மேடம். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. "இதைத்தான் மேடம் செய்யப்போறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் சேலத்துக் குடோன் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இந்த வருடமே டிகிரி வந்தால்தான் அந்த வேலை. புராஜெக்ட்டில் கோட்டை விட்டால் டிகிரி அடுத்த வருடத்துக்குப் போகும், வேலை வேறு யாருக்கோ போகும்.

அம்மா காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ஐந்து பட்டர் ஃப்ரூட் மரங்கள் இருக்கின்றன. சீசனில் காயாகவே பறித்து, சாக்கில் கட்டி, ஜீப்பில் அடிவாரத்துக்கு இறக்குவோம். அங்கே வியாபாரியின் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். ஊரில் பாதி வீடுகளுக்கு இதே வழிதான். ஆனால் நாலைந்து நாள் கழித்துப் பழுத்ததை அறுத்தால் நிறையப் பழங்களுக்குள் கறுப்புக் கறுப்பாக இருக்கும். வியாபாரி அம்மாவுக்குப் போன் செய்வார். "ஏனுங்க, உங்க மலைக் காயே இப்பிடித்தானுங்களா? கடைக்காரங்க திருப்பி அனுப்பறாங்க. இனி கேரளாக் காய்தான் எடுக்கோணும் போல." அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, தப்பெல்லாம் மரத்துடையது என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரணம் என்ன என்று கேட்டால் ஊரில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. "இருவது வளைவு கண்ணு. மனுசனுக்கே கொடலு பொரளுது, காய் என்ன பண்ணும்?" என்றார் ஜீப் ஓட்டும் அண்ணன். நானும் அதையே நம்பினேன். வளைவில் ஆடி அடிபடுகிறது, அட்டைப்பெட்டியும் பஞ்சும் வைத்தால் சரியாகிவிடும் என்று புராஜெக்ட் தொடங்கும் முன்பே முடிவைக்கூட எழுதி வைத்துவிட்டேன்.

எங்கள் ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று பின்சீட்டை அந்த அண்ணன் எப்போதோ கழற்றிவிட்டார். மூட்டைகள் உள்ளே இருக்கும். மிஞ்சினது மேலே கேரியரில் போகும். ஆட்கள் அவரவர் மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வார்கள். அடுத்தவர் மூட்டையில் உட்கார்ந்தால் சண்டை வரும். தன் மூட்டையில் உட்காருவது காவல். மூட்டை மாறாது, யாரும் கை வைக்க மாட்டார்கள். கொய்யா மூட்டையில் யாரும் உட்கார மாட்டோம், நசுங்கிவிடும் என்று தெரியும். பட்டர் ஃப்ரூட் காய் கல் மாதிரி இருக்கும், அதனால் அதில் தாராளமாக உட்காரலாம். நானும் அம்மாவின் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்து, எந்த வளைவில் ஜீப் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொண்டே இறங்கினேன். மூன்று டிரிப் அப்படிப் போனேன்.

அடிவாரத்தில் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நாலு காய் கேட்டு வாங்கி, எந்த மூட்டை, ஜீப்பில் எங்கே இருந்தது என்று சீட்டு ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வரிசையாக வைத்தேன். "இது ஊடா, ஆஸ்பத்திரியா சாமி?" என்றாள் அம்மா. பழுத்ததும் ஒவ்வொன்றாக அறுத்தேன். பார்த்தால், கேரியரில் போன காய்கள் பச்சையும் மஞ்சளுமாக வெண்ணெய் போல இருந்தன. உள்ளே பத்திரமாக வந்தவைதான் கறுத்திருந்தன.

முதல் ரிவ்யூவில் மேடம் அந்த அட்டவணையை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "மேல கட்டினதுதானே அதிகமா ஆடும்? அதிகமா ஆடினது நல்லா இருக்கு, ஆடாதது கெட்டுப்போச்சுன்னா யார் நம்புவாங்க? சீட்டை மாத்தி ஒட்டிட்டே. பதினஞ்சு நாள் தர்றேன், திரும்பச் செய். இல்லன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்." நான் சீட்டை மாற்றி ஒட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் மலையேறும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த டிரிப்பில் மறுபடியும் நோட்டோடு ஏறினேன். வழக்கம் போல அம்மா மூட்டையில் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட, அண்ணன் பிரேக்கை அழுத்தினார். உடம்பின் கனம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. எனக்குக் கீழே காய்கள் ஒன்றோடொன்று இடித்து நெறிபடுவது தொடையில் தெரிந்தது.

சடாரென்று எழுந்தேன். மேலே இருந்த கம்பியில் மண்டை இடித்தது.

"ஏஞ்சாமி, என்னாச்சு?" என்று அம்மா பதறினாள். மண்டையைத் தேய்த்துக்கொண்டே ஜீப்புக்குள் பார்த்தேன். அத்தனை மூட்டை மேலும் ஒரு ஆள். சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா வேறு. கேரியரில் இருந்த மூட்டைகள் மேல் யாருமே உட்காரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"எல்லாரும் எந்திரிங்க! எந்திரிங்கங்கறேன்!" என்று கத்தினேன். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து அண்ணன் ஓரம் கட்டிவிட்டார். நாம் மேலே உட்காருவதால்தான் காய் உள்ளே கறுக்கிறது என்று சொன்னேன். பின்னாலிருந்த ஒரு அக்கா தன் மூட்டையைத் தடவிப் பார்த்து, "அட, நானேதானா?" என்றாள். ஜீப்பே குலுங்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. காய் மேல் உட்கார்ந்துகொண்டே மூன்று டிரிப் வளைவுகளைத் திட்டிக் குறிப்பெடுத்த குற்றவாளி நான்!

கண்டுபிடித்தது சுலபம், மாற்றுவதுதான் பெரும்பாடு. அண்ணன் கழற்றிய பின்சீட்டு அவர் வீட்டுக் கோழிகளுக்குப் படுக்கையாகக் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து மாட்ட வைத்தேன். மூட்டையெல்லாம் கேரியருக்குப் போக வேண்டும் என்றதும் முதலில் முறுக்கிக்கொண்டது அம்மாதான். "கண்ணுல படாத மூட்டைய நான் எப்பிடிக் கண்ணு நம்பறது? யாருது யாருதோட போகுமோ?" அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆளுக்கொரு நிறத்தில் பழைய சேலைத் துணியைக் கிழித்து மூட்டை வாயில் கட்டினேன். அம்மாவுக்கு மயில் கழுத்து நிறம். அண்ணன் வலை போட்டு இறுக்கிக் கட்டினார். "ஒரே ஒரு வாட்டி பாருங்க, கெட்டுப்போனா நானே இனிமே வாயைத் திறக்கமாட்டேன்" என்று கெஞ்சித்தான் அந்த முதல் டிரிப் நடந்தது. அம்மா சீட்டில் உட்கார்ந்து இருபது வளைவும் தலையை அண்ணாந்து ஜீப்பின் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கழுத்துப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தைலம் தேய்க்கும் வேலை.

ஆறாம் நாள் வியாபாரி போன் வந்தது. அம்மா பயந்து என்னிடம் கொடுத்துவிட்டாள். "ஏனுங்க, இந்த வாட்டி எந்தத் தோட்டத்துக் காய் போட்டீங்க? நொம்ப நல்லா இருக்குதுங்க. இன்னும் வேணும்." அதே மரம்தாங்க என்று சொல்லிவிட்டுப் போனை அம்மா காதில் வைத்தேன்.

பதினைந்தாம் நாள் மேடம் முன்னால் இரண்டு பழங்களை அறுத்து வைத்தேன், ஆள் உட்கார்ந்த மூட்டையிலிருந்து ஒன்று, உட்காராத மூட்டையிலிருந்து ஒன்று. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நீயும் உட்கார்ந்தியா?" "ஆமாங்க மேடம்." "அதையும் ரிப்போர்ட்ல எழுது. மறைக்காதே" என்றார். பிறகு, "நான் அவசரப்பட்டுட்டேன்" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் என் கோபமெல்லாம் போய்விட்டது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "இவ்வளவு சின்ன காரணம். கண்டுபிடிக்க ஏன் இத்தனை நாள்?"

"நான் அது மேலதான் சார் உட்கார்ந்திருந்தேன்."

அறை சிரித்தது. அன்றைக்கு வகுப்பு சிரித்த அதே மாதிரிச் சத்தம்தான். இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

ரிசல்ட் வந்த அன்று அம்மாவும் நானும் காயோடு இறங்கிக்கொண்டிருந்தோம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஜீப் நின்றபோதுதான் போனில் சிக்னல் கிடைத்தது. பெயருக்கு நேரே முதல் வகுப்பு. புராஜெக்ட்டுக்கு வகுப்பிலேயே அதிக மார்க். "அம்மா, பாஸ்! வேலையும் உறுதி!" என்று கத்தினேன். அவள் இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள்.

அந்த நேரம் பார்த்து, வெளியூர்க்காரர் ஒருவர் ஏறினார். கேரியர் நிறைந்துவிட்டதால் அம்மாவின் மூட்டை மட்டும் அன்று உள்ளே இருந்தது, சீட்டெல்லாம் நிறைந்திருந்தது. அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அந்த மூட்டையில் பாதி உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க!" ஜீப் முழுக்க ஒரே குரல். அதில் உரத்த குரல் அம்மாவுடையது. "உக்காராதீங்க, அது பட்டர் ஃப்ரூட்டுங்க! உள்ள கறுத்துப்போயிருமுங்க. எம்பொண்ணு படிச்சுக் கண்டுபுடிச்சதுங்க இது!"

மனிதர் மிரண்டுபோனார். "அப்ப நான் எங்கங்க உக்காருறது?"

அம்மா எழுந்து தன் சீட்டைக் காட்டினாள். "இங்க உக்காருங்க. நான் நின்னுக்கறேன்." நான் எழுந்தபோதும் விடவில்லை, தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். தலை இடிக்காமல் குனிந்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மயில் கழுத்துத் துணி கட்டிய மூட்டைக்குப் பக்கத்தில், இருபது வளைவும் அவள் நின்றுகொண்டே இறங்கினாள்.