நான் வெட்டிய ‘வை’

ஃபாதர் கையில் இருந்த தாளில் ஒரு சொல்லைக் காணோம். தவறு என்னுடையது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் புரூஃப் ரீடர். பட்டாசு லேபிளில் இடம் குறைவு என்பதால், உபரிச் சொற்களை வெட்டுவதில் பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

பாதிரியாராகப் படிப்பவர்கள் தங்கும் குருமடத்தில் லத்தீன் கற்பிக்கும் இளம் ஃபாதர் ஒருவர் விருதுநகரிலிருந்து வந்து, சிறு புத்தகம் ஒன்றை அச்சுக்குக் கொடுத்திருந்தார். பழைய லத்தீனில் சில வினைகள் சொந்த அர்த்தம் தேய்ந்து, துணைவினையாக மாறிய கதை அது. எனக்கு லத்தீன் தெரியாது. தமிழ் தெரியும் என்ற நினைப்பில், ‘தெரிந்து வைத்திருக்கிறேன்’ என்றிருந்த இடமெல்லாம் ‘தெரியும்’ என்று திருத்தினேன். பட்டாசு சீசன் அவசரத்தில் ஃபாதரிடம் காட்டாமலே அச்சுக்கான பிளேட் போடச் சொன்னேன்.

முதல் பதினாறு பக்க ஃபாரம் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார்.

“அக்கா, லத்தீன்ல ‘ஹாபேயோ’ன்னா ‘கையில வச்சிருக்கேன்’னு அர்த்தம். அப்புறம் கையில ஒண்ணுமே இல்லாதப்பவும் அதே சொல்லைப் போட்டு ‘தெரிஞ்சு வச்சிருக்கேன்’னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுதான் புத்தகமே. அந்த ‘வை’ ஒண்ணு கூட இல்லையே! அடுத்த வாரம் வகுப்பு ஆரம்பிக்குது.”

“தேவையில்லாத சொல்லுதானே ஃபாதர்?” என்றேன் விறைப்பாக.

விஷயம் காதில் விழுந்த முதலாளி அண்ணாச்சி, மெஷின்மேனைப் பார்த்துக் கத்தினார்: “ஏலே முருகா, மெஷின நிப்பாட்டி வையிலே!”

அந்தக் கவலையிலும் ஃபாதர் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி எதை எங்க வைக்கச் சொல்றார், அக்கா?”

“எதையும் வைக்கச் சொல்லல. சொல்ற வரைக்கும் மெஷின் அப்படியே நிக்கணும், அம்புட்டுத்தான்…” அந்த ‘வை’யை எடுத்தால் இந்த அர்த்தம் வராது என்று பாதியிலேயே எனக்கு உறைத்தது.

முருகன் சிரித்தான். “அண்ணாச்சி, பாத்துப் பேசுங்க. அக்கா உங்க பேச்சையும் வெட்டிருவாக!”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. “ரெண்டு நாள்ல சரி பண்ணிக் குடும்மா” என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுவே போதுமான திட்டு.

கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் வெட்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கடைசி அத்தியாயத்தில் ஃபாதரே ஓரிடத்தில் ‘அறிந்தேன்’ என்று மட்டும் எழுதியிருந்தார். இந்த முறை பேனாவைத் தொடாமல், புரூஃப் பார்க்க வந்திருந்த அவரைக் கூப்பிட்டேன்.

“ஃபாதர், இங்க நீங்களே ‘வை’யை விட்டுட்டீக.”

அவர் பார்த்தார். காது சிவந்தது. “ஆமாக்கா. ஆனா எங்க கொண்டுபோய் விட்டேன்னு மட்டும் கேக்காதீங்க.”

வகுப்பு தொடங்கும் நாளில் புத்தகம் மாணவர் கைக்குப் போனது.

புரூஃப் பார்க்க வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு சொல்லுக்கு அர்த்தம் இல்லை என்று தோன்றினால் அடிக்காதீர்கள். அதை எடுத்துவிட்டு வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால், அவரையும் கேளுங்கள்.