யானைக்கும் களிக்கும் ஒரே தகரம்

தகரம் தட்டும் சத்தம் கேட்டால் யானை வந்துவிட்டது என்று தேன்கனிக்கோட்டையில் ஒருவர் சொன்னதை நான் அப்படியே நம்பிவிட்டேன். முட்டாள்தனம் அங்கேதான் ஆரம்பம்.

ஜவளகிரி சாலையோரம் ரத்தினம்மா என்ற விவசாயியின் தோட்டத்தில் வேடிக்கை பார்த்து நிற்கிறேன். காசு கொடுத்துத் தோட்டம் சுற்றிப் பார்க்க பெங்களூரிலிருந்து காரில் வந்த குடும்பங்கள் தக்காளி பறித்துக்கொண்டும் மாட்டோடு படம் எடுத்துக்கொண்டும் இருக்கின்றன. திடீரென்று டங், டங், டங். "யானை! ஓடுங்க!" என்று கத்தியபடி பக்கத்து மரத்தில் பாதி ஏறிவிடுகிறேன். அது பலாமரம். யானைக்குப் பலா உயிர் என்பது மேலே போன பிறகுதான் நினைவுக்கு வருகிறது. கீழே எல்லோரும் கார்களை நோக்கி ஓடுகிறார்கள்.

ரத்தினம்மா கரண்டியோடு வந்து நிற்கிறார்.

"எறங்குங்கண்ணா. சாப்பாடு ரெடின்னு தட்டுனேன். இத்தனை பேருக்குக் களி கிண்டி வச்சிருக்கேன், எல்லாரையும் தொரத்திட்டீங்களே!"

"யானைக்கும் இதே தகரம்தானே?"

"யானைன்னா நிறுத்தாம அடிப்போம், ஊரே கத்தும். சோத்துக்கு மூணே அடி. போன வருசம் ராகி பூரா யானை மேஞ்சிடுச்சு. இவங்க வர்றதாலதான் இப்ப எங்க அடுப்பு எரியுது. போய்க் கூப்பிடுங்க."

கார் கண்ணாடிகளைத் தட்டி, தெரிந்த நாலு கன்னட வார்த்தைகளில், யானை இல்லை, கோழிக் குழம்பு இருக்கிறது என்கிறேன். "யானை இல்லையா?" என்று ஓர் அம்மாள் ஏமாற்றத்தோடு இறங்குகிறார்.

அதற்குள் கிளம்பிப் போன இரண்டு கார்கள் திரும்பவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மிஞ்சிய களியெல்லாம் என் இலைக்கு வருகிறது. யானை வரவேயில்லை.