உள்ளே மறுத்து, வெளியே சுமந்தவர்

லெப்டினன்ட் கர்னல் செல்லத்துரை காலமான செய்தி, பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ வரிசையில் நான் நின்றிருந்தபோது வந்தது. அழைத்தவர் அவருடைய மகள் மாலினி. தாமும் இராணுவத்தில் கேப்டனாக இருப்பவர். “அங்கிள், அப்பா போயிட்டாங்க. டீ குடிச்சுட்டுப் பேப்பர் கேட்டாங்க. நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள...” என்று நிறுத்தினார். பின்னால் நின்ற அம்மையார் “தாதா, எகியே ஜான்” என்று வங்காள மொழியில் என்னை முன்னே நகரச் சொன்னார். நான் வரிசையை விட்டு விலகி நின்றேன்.

டாக்குரியாவில் அவர் வீட்டருகே நடந்த இரங்கல் கூட்டத்துக்கு, இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அங்கே ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவர் பேசியதும் நினைவிருக்கும். செல்லத்துரை இரண்டாம் அதிகாரியாக இருந்த யூனிட்டுக்கு அப்போது இந்தப் பிரிகேடியரே கமாண்டிங் ஆபீசர். “செல்லத்துரை நல்ல மனுஷன். ஒரே ஒரு குறைதான். மேலதிகாரிக்குப் பின்னால நடக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எங்கயோ போயிருப்பார்” என்றார். சிலர் தலையசைத்தனர்.

நான் எழுந்து, இதை ஏற்கவில்லை என்றேன்.

“உக்காருங்க வக்கீல் சார். இது கோர்ட் இல்ல, இரங்கல் கூட்டம்” என்றார் பிரிகேடியர்.

“கோர்ட்டா இருந்தா அவருக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைச்சிருக்கும் சார். இங்க அதுவும் இல்ல.”

கூட்டத் தலைவர் அடுத்தவரைப் பேச அழைத்துவிட்டார். கூட்டம் கலைந்தபோது மாலினி வாசல்வரை வந்தார். “அவர் சொன்னது சரிதானோ அங்கிள்? நானும் மீட்டிங்ல வாயைத் தொறந்துடறேன். இனிமே சும்மா இருந்துடலாம்னு தோணுது. அப்பா மாதிரி அதே ரேங்க்ல நின்னுட வேண்டாமே.”

பிரிகேடியரின் சொல்லைவிட இந்தச் சொல்லே என்னை எழுத வைக்கிறது. நான் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே சொல்வேன்.

இராணுவத்தின் சட்டப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில் செல்லத்துரையை ஒரு கோர்ட் மார்ஷலில் சந்தித்தேன். அவர் உறுப்பினர்களில் ஒருவர்; நான் சட்ட ஆலோசகர். தீர்ப்பின்போது பதவியில் மிக இளையவரே முதலில் கருத்துச் சொல்ல வேண்டும், மூத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்ற விதியை உறுப்பினர்களுக்கு நினைவூட்டினேன். மூத்தவரின் முகத்தைப் பார்த்து இளையவர் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். மூடிய கதவுக்குள் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. எடுத்த உறுதிமொழிப்படி அவர் கடைசிவரை சொல்லவுமில்லை. ஆனால் வெளியே தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தார். “ஏன்வே வக்கீலே, இவ்வளவு நல்ல விதிய கோர்ட்டுக்குள்ள மட்டும் பூட்டி வச்சிருக்கீரு?” என்று கேட்டார். பாளையங்கோட்டைப் பேச்சை எந்தச் சீருடையும் மாற்றவில்லை. அன்றிலிருந்து, நான் பார்த்த வரையில், அவர் நடத்திய எல்லாக் கூட்டங்களிலும் இளையவரே முதலில் பேசினார்.

ஒரு புயல் கழிந்த வாரத்தில், சுந்தரவனப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் குடிநீர் கொண்டுசெல்வது பற்றிச் செல்லத்துரையின் யூனிட்டில் ஆலோசனை நடந்தது. தனியார் படகுகளை எடுத்துக்கொள்ளும் சட்ட நடைமுறைக்காக என்னையும் அழைத்திருந்தார்கள். கமாண்டிங் ஆபீசர் ஆற்றங்கரை மேல் லாரிகளை அனுப்ப முடிவுசெய்து, சந்தேகம் உண்டா என்று கேட்டார். செல்லத்துரை, காலையில் கரையைப் பார்த்துவந்த லெப்டினன்ட் முதலில் பேசட்டும் என்றார். அந்த இளைஞர், மண் இளகியிருப்பதுபோல் தோன்றியது என்றார். தோன்றியதா என்று கேட்டு ஓர் அதிகாரி சிரித்தார். “கால் எவ்வளவு இறங்கியது?” என்று செல்லத்துரை கேட்டார். “கணுக்கால் வரை, சார்.” சிரிப்பு நின்றது.

சபையில் அதற்குமேல் அவர் வாதாடவில்லை. கமாண்டிங் ஆபீசரிடம் தனியே பேச அனுமதி கேட்டார். இருவரும் தமிழர்கள், நான் வராந்தாவில் நின்றேன், கதவு திறந்திருந்தது. “இது என் மறுப்பு சார். கேட்டப்புறமும் போகச் சொன்னா, மொத லாரில நான் உக்காருதேன். பசங்ககிட்ட இந்த மறுப்பப் பத்தி ஒரு வார்த்தை வராது.” கமாண்டிங் ஆபீசர் படகுகளுக்குச் சம்மதித்தார். வெளியே வந்த செல்லத்துரை வீரர்களிடம், கமாண்டிங் ஆபீசர் படகில் போக முடிவுசெய்திருக்கிறார் என்று மட்டுமே அறிவித்தார். பிறகு லெப்டினன்டைத் தனியே அழைத்து இந்தியில் சொன்னதன் சாரம் இது: தோன்றியது என்று சொன்னால் சிரிப்பார்கள், எவ்வளவு என்று சொல், சிரிக்க மாட்டார்கள்.

கரை உடைந்ததா என்று கேட்பீர்கள். உடையவில்லை. படகுகள் மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தன; லாரிகள் அன்று மாலையே சேர்ந்திருக்கக்கூடும். செல்லத்துரையால் தாமதம் என்ற பேச்சு அதற்குப் பின்தான் தொடங்கியது. அவருக்குப் பதவி உயர்வு கிடைக்காததற்கு அதுவே காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது; ஆகவே சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்வேன்: ஒரு மறுப்பு சரியா என்பதை, சொன்ன வேளையில் தெரிந்ததைக் கொண்டே எடைபோட வேண்டும், பின்னால் நடந்ததைக் கொண்டல்ல. கணுக்கால் புதைந்த கரையில் வீரர்களை ஏற்றுவதைக் கண்டு வாய்மூடி இருப்பதுதான் பின்பற்றுதல் என்றால், அந்தச் சொல்லின் பொருளையே நான் மறுக்கிறேன்.

அவர் தோற்ற வாதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு துர்கா பூஜைக்கான விடுப்புகளை இதே கமாண்டிங் ஆபீசர் ரத்துசெய்தார். வேண்டாம் என்று செல்லத்துரை உள்ளே வாதாடித் தோற்றதை அவரே எனக்குப் பின்னர் சொன்னார். பெஹாலாப் பகுதியைச் சேர்ந்த, நாயக் பதவியிலிருந்த வீரர் ஒருவர் அவர் முன் வந்து நின்றபோது நான் உடனிருந்தேன். தெருவில் டாக்கு மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றார் நாயக், கண் கலங்கியிருந்தது. “முடிவு எங்களுடையது. கோபம் இருந்தால் என்மேல் காட்டு” என்றார் செல்லத்துரை. தம் விடுப்பையும் ரத்துசெய்துகொண்டார். உம்முடைய முடிவு இல்லையே என்று நான் பிறகு கேட்டேன்.

“நான் வேண்டாம்னேன், அவருதான் கேக்கலன்னு சொன்னா எனக்குப் பேரு கெடைக்கும்வே. நாளைக்கு அவரு ‘போ’ன்னா எவன் போவான்?”

பிரிகேடியர் அவர்களே, உங்களுக்குப் பின்னால் நடந்தவர் இவர். அந்த நாயக்கின் கோபம் உங்களை வந்தடையவில்லை. ஆகவே அது எங்கே நின்றது என்று நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் மறுமொழியை இதே பக்கத்தில் வெளியிடுமாறு ஆசிரியரை நானே கேட்டுக்கொள்கிறேன்.

மாலினி யூனிட்டுக்குத் திரும்பும் முன் இதன் முதல் வரைவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வங்காள மொழி வாசிக்கும் வேகத்தில் அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. பதவி உயர்வு கிடைக்காததைச் செல்லத்துரை பொருட்படுத்தவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் மாலினி கையை உயர்த்தினார்.

“இது தப்பு அங்கிள். அப்பாவுக்கு வலிச்சுது. புரமோஷன் லிஸ்ட் வந்த அன்னிக்கு அவங்க சாப்பிடல. அழகா இருக்குங்கறதுக்காகப் பொய் எழுதாதீங்க.”

“மரியாதைக்காக எழுதினேன்மா.”

“எனக்கு வேண்டாம். எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டேன். சும்மா இருந்துவிடலாம் என்று வாசலில் சொன்ன பெண்ணா இவர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தகப்பனைப் போலவே சிரித்திருப்பார்.

செல்லத்துரையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, மகள் திருத்திய அந்த உண்மையைத்தான். அவருக்கு வலித்தது. வலிக்கும் என்று தெரிந்தே, அடுத்த கூட்டத்திலும் அனுமதி கேட்டு எழுந்தார்.