திருக்கழுக்குன்றம் வரைக்கும்

நர்சிங் முதலாம் ஆண்டு முழுக்க நானும் அம்மாவும் ஒரே பேருந்தில்தான் போனோம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது. விடியலில் அப்பாவின் படகு கரை சேரும். அம்மா மீனை ஐஸ் போட்டு அன்னக்கூடையில் நிரப்பிக்கொண்டு, மாமல்லபுரத்தில் செங்கல்பட்டுப் பேருந்து பிடித்து, திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டில் போய் விற்பாள். எனக்கு அதே பேருந்தில் செங்கல்பட்டு வரைக்கும், கல்லூரிக்கு. மீன்காரப் பெண்களுக்குக் கடைசி சீட்டுதான். அம்மா பின்வாசலில் ஏறிக்கொண்டு என்னை முன்வாசலுக்கு அனுப்பிவிடுவாள். வெள்ளை யூனிபார்மில் மீன் வாடை ஏறிவிடுமாம். நான் எவ்வளவு சொல்லியும் அவள் கேட்டதில்லை.

அவள் குரல் மட்டும் கூட்டத்தைத் தாண்டி எனக்கு வரும். கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட்டுக்காகச் சண்டை போடுவாள். மற்றப் பெண்களோடு எதையோ பேசிச் சிரிப்பாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதே இல்லை. மடியில் உடற்கூறியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். திருக்கழுக்குன்றத்தில் இறங்கியதும் கூடையைத் தலையில் ஏற்றி, பேருந்தை ஒட்டியே நடந்து வந்து என் ஜன்னலுக்குக் கீழே நிற்பாள். "சாப்ட்ரு" என்பாள். அதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

இரண்டாம் ஆண்டில் வார்டு வேலை தொடங்கியது. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். அந்நேரம் படகுகளே திரும்பியிருக்காது. அதனால் அம்மா என்னோடு வர வழியில்லாமல் போயிற்று. டார்ச்சோடு ரோடு வரைக்கும் வந்து மாமல்லபுரம் வண்டியில் ஏற்றிவிட்டு, கரைக்கு ஓடுவாள். மாலையில் நான் வீடு வந்து சேரும்போது சோற்றைத் தின்னக்கூடத் தெம்பிருக்காது.

ஒருநாள் ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றியவள், நின்றவாக்கிலேயே கண் அசந்துவிட்டேன். அவர்தான் என் கையைத் தட்டினார். வார்டு சிஸ்டர் திட்டவில்லை. ஓரமாக அழைத்துப்போய் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். ஹாஸ்டலில் இடம் இருக்கும்போது எதற்கு இந்த அலைச்சல், நாளைக்கு ஊசி மருந்தை மாற்றிப் போட்டுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வூடு இருக்கசொல்ல பொம்பளப் புள்ள இன்னாத்துக்கு வெளிய தங்கணும்?" என்றார். எனக்கும் போக மனசில்லை. கொஞ்ச நாளில் பழகிவிடும், போய்வந்தே படிக்கிறேன் என்றேன். அம்மாவும் அதையே சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "வந்துகினு போய்கினு கீறதுலயே பாதியாயிட்டா. அங்கயே தங்கட்டும்."

அவ்வளவு சுலபமாக அவள் சொல்லிவிட்டது எனக்கு வலித்தது.

ஹாஸ்டலில் சேர்வதற்கு முந்தைய நாள் வார்டு இல்லை, வகுப்பு மட்டும்தான். பழைய நேரத்துக்கு, பழைய பேருந்து. நான் அம்மாவின் பின்னாலேயே பின்வாசலில் ஏறினேன். முன்னாடி போகச் சொன்னாள். மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, பையிலிருந்து பாலித்தீன் உறை ஒன்றை எடுத்துச் சீட்டில் விரித்து அதன் மேல் என்னை உட்கார வைத்தாள். கூடையைத் தன் பக்கமாகக் காலால் இழுத்துக்கொண்டாள். "டாக்டரம்மா நம்மகூட குந்திகினாங்கடி" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். நர்ஸ் என்று அம்மா திருத்தவில்லை.

அன்று அவள் சிரிக்கவும் இல்லை, அதிகம் பேசவும் இல்லை. திருக்கழுக்குன்ற மலை தெரியத் தொடங்கியபோதுதான் கேட்டாள்.

"அங்க ஃபேன் நல்லா ஓடுமா?"

"ஓடும்மா."

"அப்ப கொசு அண்டாது."

ஹாஸ்டலில் நன்றாகத் தூங்கினேன். மார்க் ஏறியது, உடம்பும் தேறியது. எடுத்த முடிவு தப்பென்று சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காலையில் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றும்போது மட்டும், இந்நேரம் பேருந்து எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று யோசிப்பேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா எனக்கு முதலில் தட்டு வைத்தாள். மீன் ஆய எழுந்த என்னைத் தடுத்தாள். "உடு, கைல கவுச்சி ஏறிப்பூடும்" என்றாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னை வேலை செய்ய வேண்டாம் என்று சொன்னதில்லை. விருந்தாளி மாதிரி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

படிப்பு முடிந்ததும் ஊரிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டேன். செங்கல்பட்டில்தான் வேலை கிடைத்தது, அதுவும் மாறி மாறி ஷிப்ட். பக்கத்திலேயே அறை எடுத்தேன். முழங்கால் தேய்ந்துபோய், அம்மா மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இப்போது ரோட்டோரத்தில் குடை நட்டு விற்கிறாள்.

போன மாதம் என் அறையைப் பார்க்க வந்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். காத்து வருதே, போதும் என்றாள். ரெண்டு நாள் இரேன் என்று கெஞ்சினேன். விடிந்தால் படகு வரும், அப்பாவுக்குக் கரையில் ஆள் வேண்டும் என்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். கொண்டுவந்த வஞ்சிரக் குழம்பை அடுப்பிலேயே விட்டுப் போயிருந்தாள். மறுநாளும் அதைச் சுடவைத்துத்தான் சாப்பிட்டேன். ராத்திரி வேலைக்குப் போகும்முன் பார்த்தபோது மீன் தீர்ந்திருந்தது, அடியில் கொஞ்சம் குழம்பு இருந்தது. சட்டியைக் கழுவ மனம் வரவில்லை. மூடி வைத்துவிட்டுப் போனேன்.