நாற்பது விநாடி தெரிந்த முகம்

போன வருடம், 2005இல், கோடை விடுமுறை முடிந்த சமயம். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு ஹாலில், அக்கா குவைத்திலிருந்து அனுப்பிய, பிறந்த குழந்தையின் போட்டோ கம்ப்யூட்டரில் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கறுகறுவென்று முடி, பிறகு நெற்றி, பிறகு ஒரு புருவம். அதோடு டயல்-அப் இணைப்பு அறுந்துவிட்டது.

"கண்ணு யார் மாதிரின்னு தெரியலையேடி" என்று அம்மா அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு பிராட்பேண்ட் போட்டே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

அக்காவின் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடப்பதாகத்தான் இருந்தது. அம்மா லேகியம் கிளறி, பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். அக்கா விமானம் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். லேகியத்தை நான்தான் தின்று தீர்த்தேன். மடித்த துணிகள் மட்டும் பீரோவில் அப்படியே இருந்தன.

நான் பொறியியல் இரண்டாம் வருடம். எதையும் முதலில் செய்துவிட்டுப் பிறகு படிக்கிற ரகம். பிராட்பேண்ட் வருவது உறுதியானதுமே, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் நான் வாடிக்கையாகப் போகும் பிரவுசிங் சென்டருக்குப் போய், "இனிமே இந்தப் பக்கம் வர வேலை இல்ல அக்கா" என்று அதை நடத்தும் பெண்மணியிடம் பீற்றிவிட்டு வந்தேன். போகிற போக்கில் செய்த அந்த அலட்டலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. பிராட்பேண்ட் இணைத்த முதல் வெள்ளியன்று மதியம் வெப்கேமில் வருவதாக அக்கா சொல்லியிருந்தாள். அம்மா பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்கு அரை நாள் லீவு போட்டு, புடவை மாற்றி, பவுடர் பூசி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

குரல் வந்தது, படம் வரவில்லை. எதையெதையோ தட்டிப் பார்த்தேன். கடைசியில் ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று கண்டுபிடித்து, யோசிக்காமல் அதை அணைத்தேன். வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் கண்டது நுழையாமல் காக்கும் தடுப்பு அது. அப்டேட் என்று விண்டோஸ் பல மாதங்களாகக் கேட்டதையும் நான் போட்டதே இல்லை. டயல்-அப்பில் அது இறங்க ராத்திரி பகலாகும் என்பதால், அந்தக் கட்டம் வந்தாலே 'வேண்டாம்' என்று அழுத்திக் கை பழகியிருந்தது.

படம் வந்துவிட்டது! அக்கா தெரிந்தாள். "இரும்மா, எழுப்பித் தூக்கிட்டு வரேன்" என்று உள்ளே போனாள். இரண்டு மூன்று நிமிடம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தையோடு அவள் திரும்பி வந்து உட்காரவும், திரையின் நட்டநடுவில் ஒரு பெட்டி குதிக்கவும் சரியாக இருந்தது. கம்ப்யூட்டர் இன்னும் ஒரு நிமிடத்தில் அணைந்துவிடுமாம். அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு... மூடுவதற்குப் பொத்தானே இல்லை. பெட்டி சரியாகக் குழந்தையின் முகத்தின் மேல் நின்றது.

"அதக் கொஞ்சம் நகத்துடி" என்றாள் அம்மா, பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து. ஓரமாக இழுத்துவிட்டேன். நாற்பது விநாடி பேத்தியின் முகம் தெரிந்தது. பிறகு இருட்டு.

மறுபடி போட்டேன். மறுபடி பெட்டி. மூன்றாவது முறையும் அதே கதை.

"ஒரு வாட்டிக்கு ஒரு நிமிஷம்தான் குடுப்பாங்களாடி?" என்று அம்மா கேட்டாள். ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் ஓடினேன்.

"இன்னா மேடம், இந்தப் பக்கம் வேலை இல்லன்னுகினு இருந்தே?" என்று சென்டர் அக்கா சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ஃபயர்வால ஆஃப் பண்ணியா? பேஜார் பண்ணிக்கினியே! டயல்-அப்ல அஞ்சு நிமிஷம் போவ, கட் பண்ணிடுவ. இப்ப கதவத் தொறந்து போட்டுகினு நாள் பூரா குந்திகினு கீற. எவனோ அனுப்பின வைரஸ் பூந்துடுச்சு."

"அப்டேட்ட வீட்டுக்குப் போய் டவுன்லோடு பண்ணிக்கட்டுமா?"

"ஒயரச் சொருகினா திரும்ப பூந்துடும் கண்ணு. இரு."

இரண்டு வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துவிட்டு, தேவையானதையெல்லாம் ஒரு சிடியில் ஏற்றிக் கொடுத்தார். முதலில் ஒயரைப் பிடுங்கு, பிறகு சிடியைப் போட்டு வைரஸை எடு, அப்டேட் போடு, ஃபயர்வாலை மறுபடி போட்டு வீடியோவுக்கு மட்டும் அதில் அனுமதி கொடு, கடைசியாக ஒயர் என்று என்னைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் விட்டார்.

எல்லாம் முடிந்தபோது குவைத்தில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அம்மா புடவையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னைத் திட்டக்கூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை படம் தெளிவாக வந்தது. அம்மா மூச்சு விடாமல் ஆரம்பித்தாள்: "சாப்பிட்டியா, புள்ளைக்கு எண்ணெ தேய்க்கிறியா, தலைய மெதுவாப் புடி, சளி இருக்கா, சரி வெச்சிடட்டுமா?"

"அம்மா, மூச்சு விடும்மா. இன்னிக்கு ஒண்ணும் கட்டாவாது" என்று அக்கா சிரித்தாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

குழந்தை சிணுங்கியபோது அம்மா வாங்கிக்கொள்வதுபோல இரண்டு கைகளையும் நீட்டினாள். கை கீபோர்டில் இறங்கியது. அக்காவின் திரைக்கு அர்த்தமில்லாத எழுத்துகள் ஒரு வரி போயின. எங்கள் திரையிலிருந்து நான் அதை அழிக்கவில்லை.

ஆறு மாதமாகிறது. ஒரு வெள்ளியும் தவறவில்லை. ஆனாலும் அம்மா முக்கியமானதையெல்லாம் இன்றும் முதல் நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறாள்.

புதிதாக பிராட்பேண்ட் வாங்கும் வீடுகளுக்கு நானும் சென்டர் அக்காவும் இப்போது சிடி தயாரித்து வைத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்தில் முதல் வீடு. கப்பலில் வேலை பார்க்கும் மகனை, அவன் கரை இறங்கும்போதாவது பார்க்க ஒரு தம்பதி வெப்கேம் வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் வரும்வரை ஒயரைச் செருக வேண்டாம் என்று சொன்னபோது, "இன்னும் மூணு நாளாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். காத்திருப்பவர்களை மேலும் காக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தும், "ஆமாம்மா, மூணு நாள்" என்று அழுத்திச் சொன்னேன். அன்று எங்கள் அம்மாவிடம் எனக்குச் சொல்லத் தெரியாமல் போனது, 'இன்னும் கொஞ்சம் பொறு' என்ற அந்த ஒன்றுதான்.