பாதியில் நின்ற லேஸ்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கள்ளக்குறிச்சியில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன், மனசுக்குள் வைத்துச் சுமக்கத் தெம்பில்லை.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, லேஸ் பின்னும் கட்டைகளைச் சேர்ப்பேன். விரல் நீளத்துக்குக் கடைந்த மரக்கட்டை, மேலே நூல் சுற்றியிருக்கும், கீழே கனத்துக்குப் பாசிமணி கோத்திருப்பார்கள். கரியாலூரில் செலின் என்ற பெண், செத்துப்போன தன் அம்மாவின் கட்டைகளைத் தருவதாகச் சொன்னதும் பஸ் ஏறிப் போனேன். பின்னுவதற்கு வைத்திருந்த திண்டின் மேல் அந்தம்மா பாதி பின்னிய லேஸ் குண்டூசி குத்தியபடியே இருந்தது, கட்டைகள் அதிலிருந்து தொங்கின.

"நூல அறுத்துட்டு எடுத்துக்கினு போங்கக்கா. அடுத்தவங்க பாதில வுட்ட வேலய வூட்டுக்குக் கொண்டுபோவக் கூடாதுனு அம்மா சொல்லும்" என்றாள் செலின்.

அவ்வளவு அழகை அறுக்க மனசு வரவில்லை. திண்டோடு தூக்கி வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். வாதம் வந்து வலது கை விளங்காமல் கிடந்தது. அவரைக் கழுவி, ஊட்டி, நடுவில் மிஷினும் மிதித்து நான் ஓய்ந்துபோயிருந்தேன். அந்தக் கை திரும்பி ஒரு தம்ளரையாவது அவரே பிடித்துக் குடித்தால் போதும், வேறு வேண்டுதல் எனக்கில்லை. சின்னச் சின்ன சாமானைப் பிடித்துப் பழகச் சொன்னார் பிசியோதெரபிக்காரர். அந்தத் திண்டை வீட்டுக்காரர் மடியில் வைத்தேன்.

"இன்னாடி இது, பொம்பளைங்க வேல" என்றவர், தொட்டுக்கூடப் பார்க்காமல் தூங்கிவிட்டார்.

அன்று மத்தியானம் கரண்ட் போயிருந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தேன், உள்ளே டக்டக்கென்று மரத்தோடு மரம் மோதுகிற சத்தம். போய்ப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், மனுஷன் வாயைப் பிளந்து குறட்டை விடுகிறார், விளங்காத அந்தக் கை கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிறது, குண்டூசியைப் பிடுங்கி அடுத்த இடத்தில் குத்துகிறது, லேஸ் வளர்ந்திருக்கிறது. முதலில் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

"கை வந்துடுச்சுங்க" என்று உலுக்கினேன்.

விழித்தார். கை தொப்பென்று விழுந்தது. "கனா கினா கண்டியா?" என்றார்.

செலினுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "இப்பவாச்சும் அறுத்துடுங்கக்கா" என்றாள். கத்தரிக்கோலை எடுத்தேன். அறுத்தால் கை போய்விடுமே என்று கீழே வைத்துவிட்டேன்.

அதிலிருந்து தினமும் அவர் தூங்கும்போது திண்டை மடியில் வைக்கிறேன். கையில் சதை பிடிக்கிறது என்கிறார் பிசியோதெரபிக்காரர். விழித்திருக்கும்போது மட்டும் அந்தக் கை ஒரு ஈயைக்கூட விரட்டாது.

போன வாரம் அசதி தாங்காமல் அவர் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தேன். அரைத்தூக்கத்தில் ஒரு கை என் தலையைத் தடவியது. முடியைக் கோதி, காதுக்குப் பின்னால் ஒதுக்கி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததே இல்லை. குறட்டை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நிமிர்ந்து பார்த்திருக்கலாம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், யாராக இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் தடவட்டும் என்று.